பிடித்த பிடியை விடாத சக்கரம்

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் சிக்கிக்கொண்டு பிரிய மறுப்பதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். அண்ணன் இழுத்துப் பார்ப்பார். அப்பா முறுக்கிப் பார்ப்பார். கடைசியில் பாட்டி வந்து, வெளி டம்ளரை வெந்நீரில் நிறுத்தி, உள் டம்ளரில் ஐஸ் தண்ணீரை ஊற்றிச் சற்று நேரம் காத்திருப்பார். பிறகு இலேசாக ஒரு திருகு, இரண்டும் தனித்தனியாகிவிடும்.

மாணவர்களே, அந்த டம்ளர்களைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் நாம் பார்க்கப்போவதும் அதே சிக்கல்தான். ஆனால் இங்கே சிக்கிக்கொண்டிருப்பது அறுபது, எழுபது ஆண்டு வயதான ஒரு படகு எஞ்சினின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் கனத்த சக்கரம்.

படகின் பின்பலகையில் மாட்டித் தொங்கவிடும் எஞ்சினை மலாயில் ‘எஞ்சின் சங்குட்’ என்பார்கள். சங்குட் என்றால் மாட்டுவது. அதே சொல்லிலிருந்து வரும் ‘தெர்சங்குட்’ என்பதற்குச் சிக்கிக்கொண்டது என்று பொருள். நம் கதைக்கு இரண்டும் பொருந்தும். ஆங்கிலத்தில் இதன் பெயர் அவுட்போர்ட் மோட்டார்.

இன்று நம் கடற்கரைகளில் பெரும்பாலும் ஜப்பானிய மோட்டார்களைத்தான் பார்க்கிறோம். ஆனால் இந்த வகை எஞ்சினை உலகெங்கும் பிரபலமாக்கிய பெயர்கள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1877-ல் நார்வேயில் பிறந்து, சிறுவயதிலேயே பெற்றோருடன் அமெரிக்கா சென்ற ஓலே எவின்ரூட், மில்வாக்கி நகரில் 1909-ல் தம் பெயரிலேயே மோட்டார்களை விற்கத் தொடங்கினார். கணக்கு வழக்கையும் வியாபாரத்தையும் கவனித்துக்கொண்டவர் அவருடைய மனைவி பெஸ். பின்னர் 1930-களில் ஜான்சன் என்ற போட்டி நிறுவனமும் எவின்ரூட்டுடன் ஒரே குடையின்கீழ் வந்தது. 1950-களில் இந்த இரண்டு பெயர்களிலும் வந்த 3, 5.5, 10 குதிரைத்திறன் மோட்டார்கள் இன்றும் பலருடைய கொட்டகைகளில் கிடக்கின்றன. பழுதுபார்த்தால் ஓடவும் செய்கின்றன.

ஆனால் தாய் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு இறுதியில் திவாலானது. அதன்பின் கை மாறிய எவின்ரூட் பெயரில் மோட்டார் தயாரிப்பதும் 2020-ல் நின்றுபோனது. எனவே 1950-களின் மோட்டார் ஒன்றில் முக்கியமான பாகத்தை நீங்கள் உடைத்துவிட்டால், கடைக்குப் போய்ப் புதிதாக ஒன்றை வாங்கிவர முடியாது. அதேபோல் இன்னொரு பழைய எஞ்சினைத் தேடிப் பிடித்து அதிலிருந்து கழற்ற வேண்டும். பொறுமையில்லாத ஒரே ஓர் அடி, எழுபது ஆண்டு உழைத்த எஞ்சினைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிடும்.

சக்கரத்தின் அடியில் என்ன?

பல ஆண்டு சும்மா கிடந்த மோட்டாரின் கயிற்றை இழுக்கிறீர்கள். சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சோதித்தால் பொறி வரவில்லை. இந்த மோட்டார்களில் மிகவும் சாதாரணமாக வரும் நோய் இதுதான். காரணம் பெரும்பாலும் ஃபிளைவீல் எனப்படும் அந்தச் சக்கரத்தின் அடியில் ஒளிந்திருக்கும்.

இவற்றில் பொறிக்கு பேட்டரி தேவையில்லை. ஃபிளைவீலின் உட்பக்கத்தில் காந்தங்கள் பதிக்கப்பட்டிருக்கும். சக்கரம் சுழலும்போது அவை அடியிலுள்ள கம்பிச்சுருள்களைக் கடந்து ஓடும். சுருளில் மின்சாரம் பிறக்கும். காந்தப்புலம் மாறினால் கம்பியில் மின்சாரம் தோன்றும் என்று 1831-ல் மைக்கேல் ஃபாரடே காட்டியது இங்கே வேலை செய்கிறது. சரியான கணத்தில் ‘பாயிண்ட்’ என்ற சிறு தொடுமுனைகள் பிரிந்து அந்த மின்னோட்டத்தை அறுக்கும். அப்போது சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் பிளக்கில் பொறியாகப் பாயும்.

மோட்டார் நெடுங்காலம் ஓடாமல் கிடந்தால் பாயிண்டுகளின் முகத்தில் ஆக்சைடு படலம் படியும். படலம் மின்சாரத்தைத் தடுக்கும், பொறி போய்விடும். சுருள்களின் மேலுறையும் பழசாகி வெடித்திருக்கும். படலத்தைத் துடைப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் அங்கே கை போக வேண்டுமானால் முதலில் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும். அதுதான் வராது!

கூம்பின் பிடி

சக்கரத்தின் நடுவில் ஒரு பெரிய நட்டு இருக்கும். அதைக் கழற்றியதும் சக்கரம் கையோடு வந்துவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நட்டைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் சக்கரம் ஒரு மயிரிழைகூட அசையாது. ஒட்டவைத்தது போல் நிற்கும். அதைப் பிடித்திருப்பது எது?

எஞ்சினின் நடுத்தண்டை, அதாவது கிராங்க் தண்டைப் பாருங்கள். அதன் மேல்முனை நேரான உருளையாக இருக்காது. மேலே போகப் போகச் சற்றுக் குறுகும் கூம்பாக இருக்கும். சக்கரத்தின் நடுத்துளையும் அதே அளவில் கூம்பாகக் குடையப்பட்டிருக்கும். பட்டறைகளில் இதை ‘டேப்பர்’ என்பார்கள்.

நேர்த்துளை போட்டிருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்கலாம். நேரான தண்டை நேரான துளைக்குள் கையால் நுழைக்க வேண்டுமானால் இரண்டுக்கும் நடுவே சிறிதாவது இடைவெளி வேண்டும். நிமிடத்துக்கு 4,000 முறை சுழலும் இரு வீச்சு எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் நொடிக்கு அறுபதுக்கு மேற்பட்ட முறை வெடிக்கிறது. ஒவ்வொரு வெடிப்பும் தண்டை ஒருமுறை உதைக்கும். அந்த இடைவெளியில் சக்கரம் ஆடி ஆடி, தண்டையும் துளையையும் சீக்கிரமே தேய்த்துவிடும். கூம்பில் இடைவெளியே கிடையாது. நட்டை முறுக்க முறுக்கச் சக்கரம் கீழே இறங்கி இறுகும். மேலும், தானாகவே நடுமையத்தில் சரியாக உட்கார்ந்துகொள்ளும். எளிமையான யோசனை, எனக்கு மிகவும் பிடித்த யோசனையும்கூட.

சரி, நட்டைக் கழற்றிய பிறகும் ஏன் பிடி விடவில்லை? இதைப் புரிந்துகொள்ள ஒரு 20 சென் நாணயமும் கெட்டி அட்டைப் புத்தகமும் போதும். புத்தகத்தின்மேல் நாணயத்தை வைத்து, புத்தகத்தின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்துங்கள். கொஞ்ச நேரம் நாணயம் அசையாது. ஒரு குறிப்பிட்ட சாய்வில் திடீரென்று வழுக்கிவிடும். அந்தச் சாய்வை கைப்பேசியிலுள்ள மட்டம் பார்க்கும் செயலியால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு உராய்வுக் கோணம் என்று பெயர். அந்தக் கோணத்தின் ‘டேன்’ மதிப்புதான் உராய்வுக் கெழு. சாய்வு அந்தக் கோணத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை, நாணயத்தின்மேல் எவ்வளவு கனத்தை ஏற்றினாலும் அது தானாக வழுக்காது. கனம் கூடினால் உராய்வும் கூடவே கூடிவிடும் அல்லவா?

எஃகின்மேல் எஃகு இருக்கும்போது உராய்வுக் கெழுவை ஏறக்குறைய 0.15 என்று கொள்ளலாம். அதற்கான கோணம் எட்டரை பாகை. கூம்பின் சாய்வு இதைவிடக் குறைவாக இருந்தால், ஒருமுறை இறுகிய கூம்பு தானாகக் கழலாது.

இயந்திரப் பட்டறைகளில் இந்த விதியை இரண்டு விதமாகவும் பயன்படுத்துகிறார்கள். துளையிடும் இயந்திரத்தில் துரப்பணம் மாட்டும் ‘மோர்ஸ் டேப்பர்’ அச்சிலிருந்து ஒன்றரை பாகைதான் சாய்ந்திருக்கும். கையால் உள்ளே தள்ளினாலே பிடித்துக்கொள்ளும். கழற்ற வேண்டுமானால் பக்கத்துளையில் ஆப்பு வைத்துத் தட்ட வேண்டும். அரைவை இயந்திரங்களில் வழக்கமாக உள்ள இன்னொரு வகைக் கூம்பில் சாய்வு எட்டு பாகைக்கு மேல். அது பிடித்துக்கொள்ளாது. மேலிருந்து ஒரு போல்ட் இழுத்துப் பிடித்தால்தான் நிற்கும். போல்ட்டைத் தளர்த்தினால் எளிதாக விழுந்துவிடும். அடிக்கடி மாற்ற வேண்டிய கருவிக்கு அது வசதி. நம் எஞ்சினின் கூம்பு முதல் வகையைச் சேர்ந்தது. அது எளிதில் கழலக் கூடாது என்பதற்காகவே அப்படிக் கடையப்பட்டது.

எவ்வளவு பலமாகப் பிடித்திருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போமா? இந்த அளவு மோட்டார்களில் நட்டைச் சுமார் 40 அடி-பவுண்டு முறுக்குவிசையில், அதாவது 54 நியூட்டன் மீட்டரில் இறுக்குவார்கள். தண்டின் மரை 14 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். மரையின் உராய்வெல்லாம் போக, நட்டு சக்கரத்தைக் கீழே அழுத்தும் விசை ஏறக்குறைய 19,000 நியூட்டன் வரும். ஒரு மைவி காரின் எடை ஏறக்குறைய 10,000 நியூட்டன். ஆக, கைப்பிடி அளவு நட்டு கிட்டத்தட்ட இரண்டு மைவி கார்களின் பாரத்தைச் சக்கரத்தின்மேல் வைக்கிறது!

கூம்பு ஓர் ஆப்பு மாதிரி. கீழே அழுத்தும் விசையைப் பக்கவாட்டில் பெருக்கிவிடும். கூம்பின் சாய்வு 3 பாகை, உராய்வுக் கெழு 0.15 என்று எடுத்தால், சக்கரத்தின் துளை தண்டை நாலாபுறமும் நெருக்கும் மொத்த விசை 94,000 நியூட்டன் வருகிறது. அதாவது ஒன்பது கார்களுக்கு மேல். இப்போது நட்டைக் கழற்றிவிடுகிறோம். நெருக்கம் அப்படியே இருக்கிறது. சக்கரத்தை மேலே இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? உராய்விலிருந்து சாய்வைக் கழித்துப் பெருக்கினால் சுமார் 9,000 நியூட்டன் வேண்டும். துருவே இல்லாத, பளபளப்பான, புத்தம் புதிய கூம்புக்குத்தான் இந்தக் கணக்கு. கையால் இழுத்து வராததில் வியப்பே இல்லை.

இதில் உப்புக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடல்நீரில் சுமார் 3.5 விழுக்காடு உப்பு. உப்புக் கரைசல் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் துருப்பிடித்தல் என்ற மின்வேதி வினை வேகமாக நடக்கும். இரும்பு துருவாகும்போது அதன் பருமன் இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்கு வரை பெருகுகிறது. திறந்த வெளியில் என்றால் அது உதிர்ந்து விழும். தண்டுக்கும் துளைக்கும் நடுவே உதிர இடம் ஏது? இரு பக்கமும் நெருக்கிக்கொண்டு ஆப்புமேல் ஆப்பாக இறுகும்.

கழற்றும் வேலை

இனி வேலைக்கு வருவோம். இது தனியாகச் செய்யும் வேலை அன்று. எஞ்சின் வேலை தெரிந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்பால் வையுங்கள். பிளக் வயரைப் பிடுங்கிவிடுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

முதல் தடை நட்டு. ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் நட்டோடு சேர்ந்து சக்கரமும் சுற்றும். சிலர் ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டருக்குள் கயிற்றைத் திணித்து, பிஸ்டன் மேலே வர முடியாமல் தடுப்பார்கள். கார் எஞ்சினில் இது நல்ல தந்திரம். ஆனால் இரு வீச்சு எஞ்சினின் சிலிண்டர் சுவரில் வாயு போகவரத் துளைகள் உண்டு. கயிறு அதில் மாட்டினால் பிஸ்டன் அதை வெட்டிவிடும். பட்டை வைத்த ரெஞ்சால் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பிடிப்பது நல்லது.

அதைவிட அழகான வழி ஒன்று இருக்கிறது. டயர் கடையில் ‘டர்ர்ர்’ என்ற சத்தத்தோடு சக்கர நட்டைக் கழற்றும் துப்பாக்கி போன்ற கருவியைப் பார்த்திருப்பீர்கள். அது நட்டைத் தொடர்ந்து திருகுவதில்லை. நொடிக்குப் பல முறை சுற்றுத்திசையில் அடிக்கிறது. அடி விழும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் கனமான ஃபிளைவீல் சுழலத் தொடங்குவதற்கு நேரமே கிடைக்காது. சக்கரத்தின் நிலைமமே சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறது. வேறு யாரும் பிடிக்க வேண்டாம்!

நட்டு தளர்ந்ததும் அதை முழுவதும் கழற்றிவிடாதீர்கள். தண்டின் மேல்முகமும் நட்டின் மேல்முகமும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி விட்டுவையுங்கள். அடுத்து விழப்போகும் அழுத்தத்திலும் அடியிலும் தண்டின் மரை நசுங்காமல் நட்டு காக்கும். கூம்பு விடுபடும்போது சக்கரம் துள்ளி வெளியே வராமலும் தடுக்கும்.

அடுத்த கருவி ‘புல்லர்’. இரண்டு வகை உண்டு. ஒன்று, நண்டுக் கால்போல் வளைந்த கொக்கிகளால் சக்கரத்தின் வெளி விளிம்பைப் பிடித்து இழுக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். பிடி இருப்பது நடுவில். இழுப்பது பத்து சென்டிமீட்டர் தள்ளி விளிம்பில். அந்த நெம்புகோல் தூரத்தில் சக்கரம் தட்டுபோல் வளையும். காந்தங்கள் விரிசல் விடும். பழைய மோட்டார்களில் நான் பார்க்க நேர்ந்த உடைந்த ஃபிளைவீல்களில் பெரும்பாலானவை விளிம்பில்தான் உடைந்திருந்தன.

சரியான வகை, தடித்த இரும்புப் பட்டையும் நடுவே பெரிய திருகும் கொண்டது. இந்த ஜான்சன், எவின்ரூட் சக்கரங்களில் நடுப்பகுதியைச் சுற்றி மரை வெட்டிய மூன்று துளைகள் இருக்கும். உற்பத்தியாளர் இதற்காகவே விட்டுவைத்தவை. மூன்று போல்ட்டுகளால் பட்டையை அதில் மாட்டி, நடுத்திருகைத் தண்டின் தலையில் ஊன்றி முறுக்க வேண்டும். தண்டு கீழே தள்ளப்படும். சக்கரம் மேலே இழுக்கப்படும். இழுப்பு கூம்புக்கு மிக அருகிலேயே விழுவதால் எதுவும் வளையாது. போல்ட்டுகளின் நீளத்தை மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். அளவுக்கு மீறி நீண்டால் மறுபக்கம் வெளியே வந்து, நாம் காப்பாற்ற நினைக்கும் சுருள்களையே குத்திவிடும்.

நடுத்திருகு 12 மில்லிமீட்டர் விட்டம் என்றால், 40 நியூட்டன் மீட்டர் முறுக்குக்கு 16,000 நியூட்டனுக்கும் மேல் தள்ளும். முன்பு போட்ட கணக்கில் 9,000 போதும். துரு இல்லாத கூம்பு இந்த இடத்திலேயே ‘டக்’கென்று விடுபட்டுவிடும்.

விடுபடவில்லையா? இன்னும் முறுக்கத்தான் கை வரும். அங்கேதான் நிறுத்த வேண்டும். புல்லரை அந்த இறுக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு எண்ணெய்க் குப்பியை எடுங்கள்.

துருவுக்குள் ஊடுருவும் எண்ணெய்கள் கடைகளில் கிடைக்கும். நீர்போல் இளகியிருப்பதால், கண்ணுக்குத் தெரியாத இடுக்குகளிலும் நுண்புழை விசையால் தானாக ஏறிப் போகும். தாவர வேரிலிருந்து இலைக்கு நீர் ஏறுவது பற்றிப் படிக்கும்போது இதே விசையைப் படித்திருப்பீர்கள். இடுக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வலுவாக எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். ஆனால் அவ்வளவு மெதுவாகவும் போகும். எனவே பத்து நிமிடத்தில் பலன் எதிர்பார்க்காதீர்கள். மாலையில் விட்டு, காலையில் பாருங்கள். எல்லா வீடுகளிலும் இருக்கும் நீல-மஞ்சள் டப்பா டபிள்யூடி-40 முதலில் இதற்காக வந்ததில்லை. 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், உலோகத்தின்மேலுள்ள ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கவே உருவாக்கினார்கள். அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலைக் காப்பது அதன் தொடக்ககால வேலைகளில் ஒன்று. நாற்பதாவது முயற்சியில் கிடைத்த கலவை என்பதால் பெயரில் 40. இலேசான துருவுக்கு உதவும். கடும் துருவுக்கென்றே தயாரிக்கப்படும் எண்ணெய்கள் வேறு.

சில சமயம் இரவில், யாரும் தொடாமலே, இறுக்கிவைத்த புல்லரோடு சக்கரம் தானாக விடுபட்டுவிடும். காலையில் வந்து பார்ப்பவருக்குப் பேய் வேலை மாதிரி தோன்றும். இழுவிசை தொடர்ந்து இருந்திருக்கிறது. எண்ணெய் ஊறியதும், இரவின் குளிரும் காலையின் வெயிலும் உலோகத்தைச் சற்றே அசைத்ததும் மீதியைச் செய்திருக்கின்றன.

சுத்தியல் எப்போது?

புல்லர் இறுகியிருக்கும்போது அதன் நடுத்திருகின் தலையில் சுத்தியலால் சுருக்கென்று ஒரு தட்டு. அனுபவமுள்ள மெக்கானிக்குகள் இதைத்தான் செய்வார்கள். 16,000 நியூட்டன் இழுத்து வராதது ஒரு தட்டலில் எப்படி வரும்?

நான்காம் படிவ இயற்பியலில் கணத்தாக்கு விசை படித்திருந்தால் பதில் உங்களிடமே இருக்கிறது. அரை கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து மோதுகிறது. எஃகும் எஃகும் மோதும்போது அது நிற்க எடுக்கும் நேரம் 0.0002 நொடி என்று கொள்வோம். உந்த மாற்றம் 2.5, அதை நேரத்தால் வகுத்தால் சராசரி விசை 12,500 நியூட்டன். ஏற்கெனவே உள்ள இழுவிசையோடு இதுவும் ஒரு கணம் சேர்கிறது. அதோடு, அடியின் அதிர்வலை தண்டு வழியாக ஓடித் துருவின் பிணைப்புகளை நொறுக்குகிறது. ரப்பர் சுத்தியல் ஏன் உதவாது என்பதும் இப்போது புரியும். அது அமுங்கி நிற்க நேரம் எடுத்துக்கொள்ளும். நேரம் கூடினால் விசை குறையும்.

அதே விசை கீழேயுள்ள பேரிங்குகளுக்கும் போகிறது என்பதை மறக்க வேண்டாம். எனவே ஒரு தட்டு. பிறகு நடுத்திருகைக் கால் சுற்று இறுக்குதல். மறுபடியும் ஒரு தட்டு. சக்கரத்தின்மேல் நேரடியாக அடிக்கவே கூடாது. வார்ப்பு உலோகம் அமுக்கத்தைத் தாங்கும். வளைவையும் அதிர்ச்சியையும் தாங்காது. காந்தங்களுக்கும் அடி ஆகாது. அடித்து அதிரவைத்தால் காந்தத்தன்மை குறையும் என்று தொடக்கப்பள்ளியிலேயே படித்திருக்கிறோமே.

இதற்கும் மசியவில்லை என்றால், பாட்டியின் வழிக்கு வரலாம்.

20 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் துளையை, உள்ளே இருக்கும் தண்டைவிட 80 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடாக்கினால், விட்டம் சுமார் 0.02 மில்லிமீட்டர் விரியும். தலைமுடியின் தடிமனில் கால் பங்குகூட முழுதாக இல்லை என்று சலித்துக்கொள்ளாதீர்கள். நம் கூம்பில் அந்த 0.02 மில்லிமீட்டர், சக்கரம் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் மேலே எழுவதற்குச் சமம். நெருக்கிப் பிடித்த பிடி முழுவதையும் விடுவிக்க அவ்வளவே போதும்.

இதில் ஒரு பந்தயம் இருக்கிறது. சூடு நடுத்துளையிலிருந்து தண்டுக்கும் பரவும். தண்டும் சூடாகி விரிந்துவிட்டால் லாபம் போய்விடும். ஆகவே துளையைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வேகமாகச் சூடாக்க வேண்டும். பாட்டி உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றியது இதற்குத்தான். எஞ்சினில் தண்டைக் குளிர்விப்பது கடினம். அதனால் வேகம்தான் துணை. தீச்சுடர் வேண்டாம். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி மிச்சம் இருக்கலாம். சக்கரத்துக்கு இரண்டு விரற்கடை கீழே சுருள்களின் மேலுறையும் இருக்கிறது. சூடான காற்றை ஊதும் கருவி போதும். இந்தச் சூட்டோடு புல்லரின் இழுப்பும் ஒரு தட்டலும் சேர்ந்தால், துப்பாக்கி வெடித்தது போல் ஒரு சத்தம் வரும். முதல் முறை கேட்பவர்கள் எதையோ உடைத்துவிட்டோம் என்று பயந்துவிடுவார்கள். சக்கரம் நட்டின் அடிப்பக்கம்வரை எழும்பி நிற்கும். நட்டைக் கழற்றிவிட்டுக் கையால் தூக்கிவிடலாம்.

அரைநிலாத் துண்டு

தூக்கும்போது தண்டின் பக்கவாட்டைக் கவனியுங்கள். அரைநிலா வடிவத்தில் ஒரு சிறிய எஃகுத் துண்டு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். கீழே விழுந்து தொலைந்துபோகவும் கூடும். மெக்கானிக்குகள் இதைக் ‘கீ’ என்பார்கள். சக்கரத்தைச் சுழற்றுவது இந்தத் துண்டுதான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சுழற்றும் விசையைத் தாங்குவது கூம்பின் உராய்வு. காந்தம் எந்தக் கணத்தில் சுருளைக் கடக்க வேண்டும் என்ற திசையைக் குறிப்பது மட்டுமே கீயின் வேலை. எப்போதாவது யாராவது நட்டைச் சரியாக இறுக்காமல் விட்டிருந்தால், கூம்பு வழுக்கி, முழு விசையும் இந்தச் சின்னத் துண்டின்மேல் விழும். அது பாதியாக அறுந்து, சக்கரம் சில பாகை திரும்பி நின்றுவிடும். பொறி வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். எஞ்சின் பற்றாது, அல்லது இழுத்த கயிற்றைக் கையிலிருந்து பின்னோக்கி வெடுக்கென்று பிடுங்கும். பொறி இருந்தும் ஓடாத மோட்டாரில் இந்தத் துண்டைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பாயிண்டுகளைத் துடைத்து, அவை முழுதாகத் திறந்து நிற்கும்போது 0.5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி சரிசெய்வார்கள். வெடித்த சுருள்களை மாற்றுவார்கள். அதைப்பற்றி இன்னொரு வாரம் பேசலாம்.

திரும்ப மாட்டும்போது பலர் அன்பாகச் செய்யும் ஒரு காரியம் கெடுதலாக முடிகிறது. அடுத்த முறை எளிதாகக் கழலட்டும் என்று கூம்பில் எண்ணெயோ கிரீஸோ தடவிவிடுகிறார்கள். உராய்வுக் கெழு குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே போட்ட கணக்கிலேயே பாருங்கள். கூம்பு வழுக்கும், கீ அறுபடும். தண்டையும் துளையையும் மெல்லிய எமரித் தாளால் துரு நீக்கி, எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, காய்ந்த நிலையில்தான் பொருத்த வேண்டும். கீயைப் பள்ளத்தில் வைத்து, சக்கரத்தை இறக்கி, டார்க் ரெஞ்சால் அந்த மாடலின் கையேடு சொல்லும் அளவுக்கு நட்டை முறுக்க வேண்டும். கை மதிப்பில் முறுக்கக் கூடாது.

பிறகு மோட்டாரின் அடிப்பகுதியைத் தண்ணீர் நிறைந்த டிரம்மில் இறக்கி ஓட்டிப் பார்க்கலாம். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் குளிர்விக்கும் பம்ப் காய்ந்து கருகிவிடும். ஐந்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, எஞ்சின் ஆறியபின் அதே ரெஞ்சை நட்டின்மேல் இன்னொரு முறை வைத்துப் பாருங்கள். நட்டு இன்னும் சிறிது திரும்பினால், சக்கரம் கூம்பில் இப்போதுதான் முழுமையாக உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.